மூன்று எண்களும் சேர்ந்து குறைந்தபோது: ஒரு புதிய பவளத் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தத் தொட்டி சிங்கப்பூரின் வடபகுதியில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டின் வரவேற்பறையில் இருக்கிறது. உரிமையாளர் முப்பதுகளில் இருப்பவர். நன்னீர் மீன் வளர்த்து நல்ல பழக்கம் உண்டு. கடல்நீர்த் தொட்டி வைப்பது இதுதான் முதல் முறை. வீட்டில் மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் அம்மா. யார் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் அதே வட்டாரத்தில் பல வருடமாகப் பவளம் வளர்ப்பவன். ஐந்தாம் மாத முடிவில்தான் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் நடந்ததை அவருடைய நோட்டிலிருந்தும் கைபேசிப் படங்களிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு அளவையும் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார். புதிதாகத் தொடங்குபவர்களில் இப்படி எழுதிவைப்பவர்கள் குறைவு.

தொட்டி 90 × 45 × 45 செ.மீ. அடியில் சம்ப் என்ற துணைத்தொட்டி, அதில் புரத நுரை எடுக்கும் ஸ்கிம்மர். பாறையும் மணலும் அடைத்த இடம் போக, சுற்றி ஓடும் நீர் ஏறக்குறைய 170 லிட்டர். பின்னால் வரும் கணக்கெல்லாம் இந்த 170ஐ வைத்துத்தான்.

சில விஷயங்களை அவர் முதலிலேயே சரியாகச் செய்திருந்தார். சிங்கப்பூரில் ஹீட்டர் தேவையில்லை, ஆனால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது; மதியம் மூடிய வீட்டுக்குள் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். இங்குள்ள கடற்பவளங்களே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் 31 டிகிரியை ஒட்டி நின்றபோது வெளுத்தன. இவர் சில்லரை 26 டிகிரியில் வைத்து, அதன் சூடான காற்று அலமாரிக்குள்ளேயே சுற்றாமல் வெளியே போக வழியும் விட்டிருந்தார். தண்ணீர் விஷயத்திலும் குறை இல்லை. இங்கே குழாய்நீரில் குளோரமின் இருக்கும். வாளியில் ஒரு நாள் பிடித்துவைத்தால் போய்விடும் என்ற பழைய நம்பிக்கை குளோரினுக்குப் பொருந்தலாம், குளோரமினுக்குப் பொருந்தாது. கரி வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, கடைசியில் அயனி நீக்கும் பிசின் என மூன்றும் இருந்த கருவியை வாங்கி, அந்த நீரில்தான் உப்பைக் கரைத்தார்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பாறைப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் செத்து ஒதுங்கிய துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. சிங்கப்பூரில் சட்டம் வேறு: பன்னாட்டு உடன்பாட்டின்படி உரிமத்தோடு இறக்குமதியான பவளங்களை வாங்கி வளர்க்கலாம். இவர் வாங்கியவை எல்லாம் பண்ணையில் வெட்டி வளர்த்த சிறு துண்டுகள்.

முதல் நான்கு மாதம்

பாறை முழுக்க உலர்ந்த வெள்ளைப் பாறை. கடலிலோ வேறு தொட்டியிலோ ஊறிய பாறை ஒரு கிலோகூட இல்லை. பூச்சி, ஏய்ப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோன் எதுவும் கூட வராது என்பதற்காக அப்படித் தேர்ந்தெடுத்திருந்தார். அது நியாயம்தான். ஆனால் கூட வராமல் போனவற்றில் நல்ல நுண்ணுயிர்களும் உண்டு. அதன் விலை ஐந்தாம் மாதத்தில் தெரிந்தது.

புட்டிப் பாக்டீரியா விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்க ஐந்து வாரம் காத்திருந்தார். அப்புறம் இரண்டு கிளவுன் மீன், ஒரு கோபி. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் மென்பவளங்கள்: மஷ்ரூம், ஸோவா, கிரீன் ஸ்டார் பாலிப். படங்களில் எல்லாம் நன்றாகவே விரிந்திருக்கின்றன.

மூன்றாம் மாத முடிவில் பாறையில் பச்சை இழைப்பாசி தலைகாட்டியது. புதுத் தொட்டியில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நாலைந்து நத்தைகளும் கொஞ்சம் பொறுமையும் போதும். இவர் பாஸ்பேட்டை அளந்தார், 0.12 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்). உடனே பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை, பொட்டலத்தில் போட்டிருந்த முழு அளவில் ஓடவிட்டார். மீன் தீனியையும் பாதியாகக் குறைத்தார். இரண்டே வாரத்தில் பாஸ்பேட் 0.00, நைட்ரேட் 0. நோட்டில் அந்த இரண்டு பூஜ்யத்துக்கும் பக்கத்தில் ஒரு டிக் அடித்திருக்கிறார்.

நான்காம் மாதம் இரண்டு தலை உள்ள ஒரு ஹேமர் பவளமும், சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அக்ரோபோராத் துண்டும் வந்தன. அக்ரோபோரா அவசரப்பட்ட வாங்கல். நீரில் சின்ன ஏற்ற இறக்கத்தைக்கூடத் தாங்காத பவளம் அது.

சரிவு

நான்காம் மாத நடுவில் எல்லாப் பவளமும் மெல்ல வெளிறத் தொடங்கின. பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாக. வெளிச்சம் போதவில்லை போலும் என்று நினைத்து எல்இடி விளக்கை 40 சதவீதத்திலிருந்து 70க்கு ஏற்றினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பவளத்தின் பழுப்பு நிறம் அதன் திசுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசியிலிருந்து வருகிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பொதுவாக அந்தப் பாசியைக் கூட்டிக்கொள்ளும், நிறம் அடர்ந்து பழுப்பேறும். வெளிறினால் அதற்கு எதிர்த்திசையில் தேட வேண்டும்: வெளிச்சம் மிகுதியா, அல்லது பாசிக்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் தீர்ந்துவிட்டனவா என்று. இந்தத் தொட்டியில் இரண்டாவது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. விளக்கை ஏற்றியதால் முதலாவதும் சேர்ந்துகொண்டது.

வெளிறல் கூடியதும் மற்ற அளவுகளைப் பார்த்தார். கால்சியம் 385, மக்னீசியம் 1190, காரத்தன்மை, அதாவது நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, 6.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). மூன்றுமே உப்புப் பொட்டலத்தில் போட்டிருந்த அளவுக்குக் கீழே. பவளங்கள் குடித்துத் தீர்த்துவிட்டன என்று முடிவுகட்டி மூன்றுக்கும் புட்டி வாங்கினார். முதலில் காரத்தன்மை. அக்ரோபோரா நிரம்பிய ஒரு தொட்டிக்காரர் தன் அளவு 10.5 என்று சொல்லியிருந்தாராம். அதே எண்ணை இலக்காக வைத்து, இரண்டே நாளில் 6.8லிருந்து 10.4க்கு ஏற்றிவிட்டார்.

நான்காவது நாள் அக்ரோபோராவின் நுனிகள் சுண்ணாம்பு வெள்ளையாயின. ஹேமர் தன் கைகளை உள்ளிழுத்துக்கொண்டது. ஊட்டச்சத்து வற்றிய நீரில் காரத்தன்மையைக் குப்பென்று ஏற்றினால் நுனி வெந்துபோவதைப் பவளம் வளர்ப்பவர்கள் நெடுநாளாகக் கண்டுவருகிறார்கள். அடுத்த வாரம் மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறச் சளி இழைகள், அவற்றின் நுனியில் காற்றுக் குமிழிகள். நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

அவர் பாதித் தண்ணீரை மாற்றினார், நாலு நாள் கழித்து இன்னொரு முறை. மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடிவைத்தார். போர்வையை எடுத்தபோது தொட்டி பளிச்சென்றிருந்தது. நாலே நாளில் இழைகள் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பின. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் வருகையில் கண்டது

மாலை ஏழு மணி, விளக்கு 70 சதவீதத்தில் எரிந்துகொண்டிருந்தது. "அண்ணே, எல்லாத்தையும் அளந்து அளந்துதானே செஞ்சேன்?" என்றார். உண்மைதான், அளந்துதான் செய்திருந்தார். நான் முதலில் பார்க்க விரும்பியது பவளத்தை அல்ல, அவர் அளக்கும் கருவிகளை.

நோட்டில் அந்த மூன்று எண்களைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. பவளங்கள் உறிஞ்சி அளவுகள் குறைந்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் குறையாது. எலும்புக்கூடு கட்டும்போது காரத்தன்மை 1 டிகேஎச் இறங்கினால் கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம்தான் இறங்கும். மக்னீசியம் அசைவதே தெரியாது. கையளவு பவளம் இருக்கும் ஒரு தொட்டியில் மக்னீசியம் நூறு பிபிஎம்முக்கு மேல் குறைய வழியே இல்லை. இயல்பான கடல்நீரில் கால்சியம் 420ஐ ஒட்டியும் மக்னீசியம் 1300ஐ ஒட்டியும் இருக்கும். 385ஐ 420ஆல் வகுத்தாலும், 1190ஐ 1300ஆல் வகுத்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான், 0.92. அதாவது நீரே எட்டு சதவீதம் நீர்த்திருக்கிறது.

உப்பை அளக்கும் அவருடைய ஒளிவிலகல் மானியில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அளவுள்ள திட்டக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். 38 காட்டியது. வாங்கிய நாளில் ஆர்ஓ நீரை விட்டுப் பூஜ்யத்தைச் சரிசெய்திருக்கிறார். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பூஜ்யத்தில் சரியாக நிற்கும் மலிவுக் கருவி 35ஐ எட்டும்போது விலகிப்போவது புதிதல்ல. ஆக, அவர் 35 என்று நம்பிய தொட்டி ஐந்து மாதமும் 32லேயே ஓடியிருக்கிறது.

32 ஒன்றும் கொல்லும் அளவு அல்ல. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 30ஐ ஒட்டிய உப்பில்தான் வாழ்கின்றன. கெடுத்தது உப்புக் குறைவு அல்ல, அதைப் பார்த்துத் தப்பாக எடுத்த முடிவு: மூன்று புட்டிகள், அதில் முதல் புட்டியின் அவசரம். நல்ல வேளையாகக் கால்சியம், மக்னீசியம் புட்டிகள் இரண்டும் இன்னும் திறக்கப்படாமல் இருந்தன.

மற்ற அளவுகள்: வெப்பநிலை 26.1. தண்ணீர் மாற்றிய பிறகும் புட்டியை ஊற்றிவந்ததால் காரத்தன்மை இன்னும் 10.4. நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட்டை இலக்க மானியில் மூன்று முறை வைத்துப் பார்த்தோம், மூன்றிலும் 0.00. பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டரை வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன்; அது ஹேமர் இருந்த இடத்தில் 240 காட்டியது. அந்தப் பவளத்துக்கு 100க்கும் 150க்கும் இடைப்பட்ட ஒளி தாராளம்.

பழுப்பு இழையில் கொஞ்சம் எடுத்துத் தொட்டி நீரோடு புட்டியில் போட்டுக் குலுக்கி, காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, வடிந்த நீரை விளக்கின் கீழ் வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்த நீரில் மறுபடி இழை கூடியது. சாதாரண மணல் பழுப்பான டயாட்டம் அப்படிக் கூடாது. இது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர், எங்கள் பேச்சில் டைனோ. எந்த வகை என்று பார்க்க மகளின் பள்ளி நுண்ணோக்கி உதவியது. சொட்டு வடிவச் செல்கள், ஒரு நுனியில் கட்டிப்போட்டதுபோல அந்த இடத்திலேயே சுழன்றன. ஆஸ்ட்ரியாப்சிஸ் இப்படித்தான் இருக்கும். நத்தைகள் செத்ததும் அதோடு பொருந்தியது. அந்த இனத்தில் நச்சு உண்டு. விளக்கணைந்த பின் டார்ச் அடித்துப் பார்த்தபோது மணல் ஓரளவு வெளுத்திருந்தது. இரவில் இது மேற்பரப்பை விட்டு நீரில் கலந்து மிதக்கும். இந்தப் பழக்கம் எங்களுக்குப் பின்னால் கைகொடுத்தது.

கிளம்பும்போது அவருடைய அம்மா ஒரு புகார் சொன்னார்: "இவ்ளோ பெரிய தொட்டியில இருக்கிற மீனுக்கு ஒரு சிட்டிகைதான் போடுறான் தம்பி. நான் போட்டா திட்டுறான்." அந்த வீட்டில் நோயைச் சரியாகக் கண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, இதுவரை செய்துவந்ததை நிறுத்துவது. காரத்தன்மைப் புட்டி, தண்ணீர் மாற்றம், பாஸ்பேட் உறிஞ்சி மூன்றும் நிறுத்தம். உரிமையாளருக்கு இதில் கஷ்டமாக இருந்தது தண்ணீர் மாற்றத்தை நிறுத்தியதுதான். நன்னீர்த் தொட்டியில் எந்தத் தொல்லைக்கும் முதல் வைத்தியம் அது. ஆனால் புதிதாகக் கரைத்த கடல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்காது. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் தொட்டியில் அது பட்டினியைத்தான் கூட்டும். ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்குப் பிறகும் டைனோ வலுத்ததை அவருடைய நோட்டே காட்டியது.

காரத்தன்மையை அமிலம் விட்டு இறக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 10.4 என்பது தானாக நஞ்சல்ல. ஊட்டச்சத்து உள்ள பல தொட்டிகள் அந்த அளவில் நன்றாகவே ஓடுகின்றன. இரண்டு நாளில் ஏறியதால் பட்ட அடியை, இரண்டு நாளில் இறக்கி இரட்டிப்பாக்க வேண்டாம் என்பதே காரணம். தானாகக் குறையட்டும் என்று விட்டோம்.

உப்பைச் சரிசெய்ய ஓர் எளிய வழி இருந்தது. தொட்டியிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ஆவியாகும். வழக்கமாக அந்த இடத்தை ஆர்ஓ நீரால் நிரப்ப வேண்டும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். சில நாள் மட்டும் அதற்குப் பதிலாக 35 பிபிடி கடல்நீரை நிரப்பச் சொன்னேன். 2 லிட்டரில் 70 கிராம் உப்பு. 170 லிட்டரில் அது நாளுக்கு 0.4 பிபிடி. மூன்று பிபிடி ஏற எட்டு நாளுக்குள் ஆகும். பவளத்துக்கு அந்த வேகம் தெரியவே தெரியாது.

விளக்கை ஒரே நாளில் 40க்கு இறக்கினோம். ஒளியை ஏற்றும்போதுதான் நிதானம் வேண்டும், இறக்குவதில் ஆபத்தில்லை.

ஊட்டச்சத்து விஷயத்தில் தீனியை இரண்டு வேளையாக்கினோம். அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் மூன்று சிறு மீன்களின் கழிவு மட்டும் போதாது என்று தெரிந்ததால், மீன்தொட்டிக்கென்றே விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களையும் சேர்த்தோம். நைட்ரேட் 5க்கு மேல், பாஸ்பேட் 0.05க்கு மேல் என்பது இலக்கு. பாசியை ஒழிக்க பாஸ்பேட்டை எடுத்தவர், மறுபடி அதையே காசு கொடுத்து ஊற்ற வேண்டுமா என்று சிரித்தார். டைனோ பெருகுவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும் வற்றியதுதான் தொடக்கம். போட்டிக்கு மற்ற பாசியும் பாக்டீரியாவும் இருந்தால் அது இப்படித் தனியாட்சி செய்யாது.

இரவில் நீரில் மிதக்கும் வகை என்பதால், தன் வழியே ஓடும் நீரில் உள்ள நுண்ணுயிரைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்குக்கு வேலை உண்டு. 18 வாட் கருவி ஒன்றை இரவல் வாங்கி, சம்பில் வைக்காமல் மேல்தொட்டியிலிருந்தே நீரை இழுத்து மேல்தொட்டிக்கே விடும்படி பொருத்தினோம். மணலிலேயே தங்கும் ஆம்ஃபிடினியம் வகையாக இருந்திருந்தால் இந்தச் செலவு வீண். வகையைப் பார்க்காமல் யூவி வாங்காதீர்கள். சாகும் டைனோ விடும் நச்சுக்காகக் கரி ஒரு பை சேர்த்தோம், வாரம் ஒரு முறை மாற்றுவது என்று ஏற்பாடு.

ஒரு கோரிக்கையை மட்டும் நான் ஏற்கவில்லை. ஹேமரையாவது என் தொட்டியில் சில வாரம் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். அதன் அடிக்கல்லோடு டைனோவும் வரும். மருந்துக் குளியல் கொடுத்தால் பூச்சி போகும், இது முழுக்கப் போகும் என்று உறுதியில்லை. அதோடு, ஏற்கெனவே நொந்த பவளத்தை மறுபடி வேறு நீருக்கு மாற்றினால் பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது. அவர் முகம் வாடியது. இருந்தாலும் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்ரோபோராவில் மட்டும் கத்தி வைத்தோம். அடியிலிருந்து திசு உரிந்துகொண்டே மேலேறியதால், உயிருள்ள பகுதியின் கீழே வெட்டி வேறு கல்லில் ஒட்டினோம். வேலை செய்யும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் என்று சொல்லியிருந்தேன். ஸோவாவின் உறவினமான பாலிதோவாவில் உள்ள பாலிடாக்சின் மனிதரையும் ஆபத்தில் தள்ளும். பாலிதோவா படிந்த பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்து ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போனதுண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்வது தவறில்லை.

அடுத்து நடந்தது

முதல் வாரம் மோசம். இழைகள் கூடின. பாஸ்பேட் கரைசல் ஊற்றிய மறுநாளே 0.00. உலர்ந்த பாறை அதை உறிஞ்சிக்கொள்ளும், பாறைக்குத் தாகம் தீரும் வரை நீரில் நிற்காது. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். அவரும் தினம் இரவு பதினொரு மணிக்குப் படம் அனுப்பி, ஒரு ரசாயனப் புட்டியின் பெயரைச் சொல்லி வாங்கட்டுமா என்று கேட்டார். பாஸ்பேட் ஒரு வாரம் தொடர்ந்து நிற்கட்டும், அப்புறம் பேசுவோம் என்றேன். அக்ரோபோராவின் வெட்டிய துண்டு அந்த வாரமே முழுக்க உரிந்து செத்தது. ஹேமரின் ஒரு தலையில் திசு அழுகிப் பழுப்புக் கூழானது. அது அடுத்த தலைக்குப் பரவுமுன் இரண்டுக்கும் நடுவே எலும்புக்கூட்டை அறுத்துப் பிரித்து, கூழை உறிஞ்சி எடுத்துப் போட்டார். தனியாகவே செய்தார், என்னைக் கேட்கவில்லை. சரியான முடிவு.

எட்டாவது நாள் உப்பு 35. அன்று கால்சியமும் மக்னீசியமும் அளந்தார்: 420, 1300. இரண்டு புட்டிகளையும் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் இரண்டும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. அந்தப் புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்து மீன் தீனி வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் வார முடிவில் பாஸ்பேட் முதன்முறையாக 0.03ல் நின்றது. மூன்றாம் வாரம் இழைகள் மெலிந்தன, குமிழிகள் மறைந்தன. கூடவே கண்ணாடியில் பச்சைப் படலம். "மறுபடி பாசி வந்திருச்சுண்ணே" என்று பதறி எழுதினார். அந்தப் பச்சைதான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த அடையாளம். டைனோ விட்ட இடத்தை வேறொன்று பிடிக்கிறது என்று பொருள். கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொன்னேன், பாறையைத் தொட வேண்டாம்.

ஐந்தாம் வாரம் மிஞ்சிய ஹேமர் தலை பகலில் கைகளை முழுக்க நீட்டியது. ஸோவாக்கள் அதற்கு முன்பே தேறிவிட்டன. ஆறாம் வாரம் காரத்தன்மை 9.1. அதன் பிறகு நுண்ணோக்கியில் டைனோ செல் தேடித் தேடித்தான் கிடைத்தது. புதிய நத்தைகள் உயிரோடு நின்றன.

இப்போதைய நிலை

ஒன்பதாம் மாதம். உப்பு 35, காரத்தன்மை 8.2, கால்சியம் 425, மக்னீசியம் 1310, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. பாறையில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி புள்ளி புள்ளியாகப் படிகிறது. ஸ்டார் பாலிப் பின் கண்ணாடியில் ஏறத் தொடங்கிவிட்டது. அதை அடக்குவது இனி வேறு கதை. ஹேமரின் ஒற்றைத் தலை இரண்டாகப் பிளக்கும் அறிகுறி தெரிகிறது.

காரத்தன்மை நாளுக்கு 0.2 குறைகிறது என்று ஒரு வாரம் ஒரே நேரத்தில் அளந்து கண்டுபிடித்தார். அதை ஈடுகட்ட விலையுயர்ந்த புட்டி தேவைப்படவில்லை. 170 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற ஏறக்குறைய 5 கிராம் சமையல் சோடா போதும், 0.2க்கு ஒரு கிராம். ஆர்ஓ நீரில் கரைத்துக் காலையில் சம்பில் ஊற்றுகிறார். வேறு எதுவும் கலக்காத சுத்தமான சமையல் சோடாவாக இருக்க வேண்டும், பேக்கிங் பவுடர் ஆகாது. இருபது நாளுக்கு ஒரு முறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே தொட்டியை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால், முதல் செலவு 35 பிபிடி திட்டக் கரைசல் ஒரு புட்டி. இந்தக் கதையில் வரும் எல்லாப் பொருளிலும் விலை மிகக் குறைந்தது அதுதான். வாங்கிய நாளிலும், பிறகு மாதம் ஒரு முறையும் மானியை அதில் சரிபார்த்திருந்தால் அந்தப் புட்டிகளை வாங்கும் எண்ணமே வந்திருக்காது. பரிசோதனைப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும். ஒரு விசித்திர எண் வந்தால் தொட்டியில் கை வைக்குமுன், தெரிந்தவர் ஒருவரின் பெட்டியில் அதே நீரை இன்னொரு முறை அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது, உலர்ந்த பாறையோடு நம்பகமான ஒரு பழைய தொட்டியிலிருந்து கையளவு ஊறிய பாறையாவது போடுவேன். ஏய்ப்டேசியா ஒன்றிரண்டு கூட வந்தால் பெப்பர்மின்ட் இறால் பார்த்துக்கொள்ளும். டைனோவுக்கு அப்படி ஒரு இறால் கிடையாது.

பாஸ்பேட் உறிஞ்சி கெட்ட பொருள் இல்லை. 0.12க்கு அதைப் போடத் தேவையே இருக்கவில்லை என்பது என் கருத்து. போட்டே ஆக வேண்டும் என்றால் பொட்டலத்தில் சொன்னதில் கால்பங்கு, நாலு நாளுக்கு ஒரு முறை அளந்து, 0.05க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பூஜ்யத்தைக் குறிவைக்கும் பழக்கம் மீன் மட்டும் வளர்த்தவர்களிடம் அதிகம். பவளத் தொட்டியில் பூஜ்யத்தைப் பார்த்தால் தீனி டப்பாவைத் திறக்க வேண்டும்.

காரத்தன்மை எந்தக் காரணத்துக்காக ஏற்றினாலும் நாளுக்கு அரை டிகேஎச்சைத் தாண்டக் கூடாது. அடுத்தவர் தொட்டியின் எண் இலக்காகாது. அவருடைய வெளிச்சமும் தீனியும் வேறு.

ஒரு விஷயம் தீராமலே நிற்கிறது. யூவியும் பாஸ்பேட்டும் ஒரே வாரத்தில் தொடங்கின, அதனால் டைனோவை அடக்கியது எது என்று இந்த நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆறாம் வாரத்துக்குப் பின் யூவியை நிறுத்தியும் அது திரும்பவில்லை என்பதால், தொடர்ந்து தாங்கிப்பிடிப்பது ஊட்டச்சத்து என்று சாய்கிறேன். முதல் அடி யூவியுடையதாக இருக்கலாம். பவளங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்க்க நேரமில்லை, அதனால் அந்த முடிவை மாற்ற மாட்டேன்.

இன்னொரு அக்ரோபோரா வாங்குவது பற்றிச் சென்ற வாரம் கேட்டார். காரத்தன்மையின் தினசரி ஏற்ற இறக்கம் இன்னும் இரண்டு மாதம் 0.3க்குள் நிற்கட்டும், அப்புறம் மொண்டிபோரா என்ற வேறு பவளத்தின் ஒரு துண்டில் தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு இடப்பக்கப் பாறையில் பார் 180 உள்ள ஓர் இடத்தைக் குறித்துவிட்டார்.